வீட்டுக்குப் புல்தரை: விதையா, கொடியா, பத்தையா?

புது வீட்டு வேலை முடிகிற நேரத்தில் முன்னால் கிடக்கும் வெற்று மண்ணைப் பார்க்கும் எல்லாருக்கும் ஒரு புல்தரை ஆசை வந்துவிடும். எனக்கும் வந்தது. கோவைக்கு வெளியே நாங்கள் குடிபோன அந்த வைகாசியில், கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் பச்சையைப் பார்க்கட்டும் என்று ஒரு நர்சரியில் 600 சதுர அடிக்கான புல்லுக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தேன். புல் வந்து இறங்கிய அன்று மண் தயாராக இல்லை, பெயின்டர்கள் சாரத்தைக்கூடப் பிரிக்கவில்லை. "ரெண்டு நாள் நெழல்ல அடுக்கி வெய்ங்க, ஒண்ணும் ஆகாதுங்க" என்றார் இறக்கிவிட்டுப் போனவர். மூன்றாம் நாள் அந்த அடுக்கின் நடுவே கையை விட்டேன், எருக்குழிக்குள் விட்ட மாதிரி சுட்டது. மேலே நாலு வரிசை பச்சை, உள்ளே எல்லாம் மஞ்சள், வெந்த கீரை வாசம். பாதிக்கு மேல் குப்பைக்குப் போனது.

ஆகவே இந்தக் கட்டுரை நான் செய்ததற்கு நேர்மாறான வரிசையில் போகும். புல் வாங்குவது கடைசி வேலை. விதை போடுவதா, கொடி ஊன்றுவதா (புல்லைப் பிய்த்து நாற்று மாதிரி நடுவது), பத்தை பதிப்பதா (மண்ணோடு சதுரமாகப் பெயர்த்த புல்லைப் பதிப்பது) என்பதைக்கூட முதலில் முடிவு செய்ய முடியாது. உங்கள் இடத்து வெயிலும் தண்ணீரும் மண்ணுக்குள் இருக்கும் கோரைக்கிழங்கும்தான் அதை முடிவு செய்யும், நாம் அதைக் கண்டுபிடித்தால் போதும்.

முதலில் வெயில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கொஞ்சம் சுண்ணாம்புப் பொடியை எடுத்துக்கொண்டு காலை 8 மணியில் இருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலின் விளிம்பில் கோடு போடுங்கள். சாயங்காலம் பார்த்தால் எந்த இடத்துக்கு எத்தனை மணி நேரம் நேர் வெயில் என்று தரையிலேயே படம் இருக்கும். 6 மணி நேரத்துக்கு மேல் வெயில் விழுந்தால் எந்தப் புல்லும் வரும். 4 மணி நேரம் என்றால் சில வகைகள்தான். அதற்கும் குறைவென்றால் அங்கே புல்லுக்கு ஆசைப்படாமல் கல் பதித்துவிடலாம், அல்லது நிழலில் வளரும் செடிகளை வைக்கலாம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வீட்டுக்கு வடக்குப் பக்கம் காலியிடம் உள்ளவர்கள் ஆனி, ஆடியில் அளந்துவிட்டு "நாள் முழுக்க வெயில்" என்று சந்தோஷப்படுவார்கள். நம் ஊரில் அந்த மாதங்களில் நடுப்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும், அதனால்தான் அந்த வெயில். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும், 20 அடி உயர வீட்டின் நிழல் நண்பகலிலேயே வடக்கே ஏறக்குறைய 14 அடி விழும். ஆடியில் தளதளவென்று இருந்த புல் தையில் சொட்டை விழுந்து கிடப்பதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம், நோயுமில்லை பூச்சியுமில்லை. மாமரத்தடி, வேப்பமரத்தடி பற்றிக் கேட்கவே வேண்டாம். நிழலும் வேரும் சேர்ந்து புல்லை விடாது.

அப்புறம் தண்ணீர்

கணக்கு எளிது. நல்ல கோடையில் புல்லுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். 1000 சதுர அடிக்கு அது 465 லிட்டர். அதாவது தினமும் ஏறக்குறைய ஒரு 500 லிட்டர் சின்டெக்ஸ் டேங்க். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று அந்த அளவு புல்லுக்கு ஒரு மாதம்கூட முழுசாக வராது. சித்திரையில் குடிக்கவே லாரியை எதிர்பார்க்கும் தெருவில் இருக்கிறீர்கள் என்றால் 1000 சதுர அடியை மறந்துவிட்டு 200 சதுர அடி போடுங்கள். உட்கார்ந்து காபி குடிக்க, பிள்ளை உருண்டு விளையாட அது தாராளம். பெரிதாகப் போட்டுவிட்டு மேயில் காயவிடுவதைவிட இது எவ்வளவோ மேல். பிளாஸ்டிக் புல் போடலாமே என்பவர்களிடம் ஒன்றுதான் சொல்வேன்: மதியம் 1 மணிக்கு அதன்மேல் செருப்பில்லாமல் நின்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அளவு மட்டுமில்லை, தண்ணீரின் உப்பையும் பார்க்க வேண்டும். ஆர்.ஓ. மெஷின் பார்க்க வருகிறவர் பையில் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும், போர் தண்ணீரை அதில் காட்டச் சொல்லுங்கள். 1000-க்குள் என்றால் கவலையில்லை. 1000-க்கும் 2000-க்கும் நடுவில் என்றால் அருகு வகைகளும் கொரியன் புல்லும் சமாளிக்கும். அதற்கும் மேலே போனால், கடற்கரையோர வீடுகளில் இது சகஜம், பாஸ்பாலம் என்கிற உப்பு தாங்கும் புல்லைத்தான் தேட வேண்டும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று குழாய் போட்டுப் புல்லுக்கு விடுகிறவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் அது உப்பைப் பிரித்து ஒதுக்கிய தண்ணீர், ஒரே இடத்தில் தினமும் விட்டால் ஆறு மாதத்தில் மண்மேல் வெள்ளை பூத்துவிடும். அதேபோல் கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் வைத்திருக்கிறீர்கள் என்றால் தோட்டத்துக் குழாயை அதற்கு முன்னாலேயே பிரித்துவிடுங்கள். சாஃப்ட்னர் தண்ணீரில் இருக்கும் சோடியம் மண்ணை இறுக்கிவிடும்.

மண், தண்ணீர் இரண்டையும் ஒழுங்காகச் சோதித்துப் பார்க்க நினைத்தால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது, பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம். புல்தரைக்குத்தானே என்று கூச்சப்பட வேண்டியதில்லை.

கோரை என்னும் வில்லன்

இதைத்தான் புதியவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள், கடைசியில் அழுவதும் இதற்குத்தான்.

ஒரு கடப்பாரையால் ஒரு அடி ஆழத்துக்குக் குத்தி மண்ணைப் புரட்டிப் பாருங்கள். கறுப்பாக, நிலக்கடலைப் பருப்பு அளவில், கம்பி மாதிரி ஒரு வேரில் மணிமணியாகக் கோத்த கிழங்குகள் தெரிகிறதா? முகர்ந்தால் லேசாக ஒரு மருந்து வாசம் வரும், நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு என்று விற்பது அதுதான். இலையைப் பிடுங்கினால் இலை மட்டும் வரும், கிழங்கு உள்ளேயே நிற்கும், ஒரு வாரத்தில் மறுபடி முளைக்கும். மண்வெட்டியால் ஒருமுறை கொத்திவிட்டு விட்டால் இன்னும் மோசம். ஒரே சங்கிலியாக இருந்தபோது ஒன்றிரண்டு கிழங்குதான் முளைத்திருக்கும், நாம் சங்கிலியை அறுத்துவிட்டதால் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக முளைக்கும். விலை கொடுத்து வாங்கிய பத்தையையே துளைத்துக்கொண்டு மேலே வரும், அதற்குக் கூச்சமே கிடையாது.

என் வீட்டுக்கு வந்த தோட்டக்காரப் பெரியவர் குப்பைக்குப் போன புல்லையும் பார்த்தார், மண்ணையும் பார்த்தார். "புல்லு போனா போச்சாட்டு போங்க, மொதல்ல கோரையக் கெளப்புங்க. இல்லாட்டி நீங்க வெக்கறது கோரைத் தோட்டமுங்க" என்றார். அவர் சொன்ன முறை இதுதான்: மண்ணை ஒரு அடி கிளறி, கட்டியை உடைக்காமல் அப்படியே கத்திரி வெயிலில் காயப் போடுவது. கோரைக்கிழங்கு காய்ச்சலுக்குச் சாகும், வெளியே கிடந்து சுருங்கிப்போனால் முளைக்காது. பத்து நாள் காய்ந்ததும் கட்டியை உடைத்து, கிழங்கைக் கூடையில் பொறுக்கிவிட்டுத் தண்ணீர் விடுவது. பத்துப் பன்னிரண்டு நாளில் மிச்சம் இருப்பது பச்சையாகத் தலைகாட்டும். அதைக் களைக்கொத்தியால் கிழங்கோடு தோண்டி எடுப்பது. மறுபடி தண்ணீர், மறுபடி தோண்டல். மூன்று சுற்று. நாங்கள் முதல் சுற்றில் இரண்டு சிமெண்ட் சாக்கு நிறையக் கிழங்கு எடுத்தோம், மூன்றாவது சுற்றில் ஒரு சொம்பு அளவுதான். இதற்கு ஒன்றரை மாதம் ஆகும், வேறு வழியில்லை. கண்ணாடி போன்ற பாலிதீன் விரிப்பை ஈர மண்மேல் இறுக்கமாகப் போட்டு நாலைந்து வாரம் வெயிலில் வேகவைக்கும் முறையும் உண்டு. மற்ற களை விதைகளுக்கு அது அருமையான வைத்தியம், ஆனால் கோரையைக் குறைக்குமே தவிர ஒழிக்காது.

உங்கள் மண்ணில் கோரை இல்லையா? அதிர்ஷ்டசாலி. வெளியில் இருந்து வரும் மண்ணிலும் எருவிலும் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன புல்?

நர்சரியில் பெயரை நம்பி வாங்காதீர்கள். ஒருவர் கொரியன் என்பதை இன்னொருவர் மெக்சிகன் என்பார். இலையைப் பாருங்கள், தொட்டுப் பாருங்கள்.

ஊசி மாதிரி மெல்லிய இலை, அடர்ந்து மெத்தையாக இருக்கும், உள்ளங்கையை வைத்தால் லேசாகக் குத்தும் என்றால் அது கொரியன் வகை. பார்க்க அழகு. மெதுவாகத்தான் பரவும், அதனால் வெட்டும் வேலையும் குறைவு, ஆனால் வெட்டாமலேயே விட்டால் மேடு மேடாகப் பொம்மிக்கொள்ளும். 4, 5 மணி நேர வெயிலில் ஒப்பேற்றிவிடும். தினமும் பசங்க கிரிக்கெட் ஆடும் இடத்துக்கு இது ஆகாது. ஒருமுறை தேய்ந்தால் திரும்பி வர மாதக்கணக்காகும்.

பெர்முடா என்பது வேறொன்றுமில்லை, நம் அருகம்புல்லின் குடும்பம்தான். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி" என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறோமே, அந்தக் குணம் அப்படியே உண்டு: மண்ணுக்கு மேலே ஒரு கொடி, கீழே ஒரு கொடி, கணுவுக்குக் கணு வேர். மிதித்தாலும் தேய்த்தாலும் திரும்பி வரும், காய்ந்தாலும் ஒரு மழைக்கு எழுந்துவிடும். விலையாக அது கேட்பது முழு வெயிலும், வாரம் ஒருமுறை வெட்டும் வேலையும். பக்கத்து ரோஜாப் பாத்திக்குள்ளும் அதே வாழ்த்தோடு போய்விடும் என்பதால் நடுவில் செங்கல் வரிசை ஒன்றை நிறுத்திப் புதைக்க வேண்டும். டிஃப்ட்வே, டிஃப்ட்வார்ஃப் போன்ற குட்டை ரகங்கள் மைதானங்களில் போடுவது. இவை விதை கட்டாத கலப்பினங்கள், அதனால் இந்தப் பெயரில் யாராவது விதைப் பாக்கெட் நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

நிழல் அதிகம் என்றால் அகல இலைப் புற்கள்தான் கதி: எருமைப்புல், கார்பெட் கிராஸ் என்று கேட்டால் தருவார்கள். முரட்டுத்தனமாகத் தெரியும், ஆனால் அரை நிழலில் அவைதான் நிற்கும்.

இப்போது முறைக்கு வருவோம்

நாலு வழி இருக்கிறது. விதைப்பது, கொடி ஊன்றுவது, பத்தை பதிப்பது, சாணிக் குழம்பில் பூசுவது.

விதை மலிவு. 1000 சதுர அடிக்கு பெர்முடா விதை ஒரு கிலோ தாராளம். ஆனால் மலிவு என்பது பாக்கெட் விலையில் மட்டும்தான். விதை மணல் போல இருக்கும், முளைக்க ஒரு வாரம் முதல் மூன்று வாரம்வரை ஆகும், அதுவரை மேல்மண் ஒருமுறைகூடக் காயக் கூடாது. ஒரு நாளைக்கு மூன்று நாலு முறை பூத்தூறலாகத் தெளிக்க வீட்டில் ஆள் இருக்க வேண்டும். எறும்பு இழுத்துப் போகும், பெருமழை ஒன்று வந்தால் எல்லா விதையும் மூலையில் போய்க் குவிந்துவிடும், எங்கள் பக்கம் மயில் வேறு. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பார்கள், "ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்" என்றும் அவர்களேதான் சொல்வார்கள். அம்மியே பறக்கிற காற்றில் இந்த விதை என்ன ஆகும்? பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற கோவை, பொள்ளாச்சிப் பக்கத்தில் ஆவணி வரை பொறுத்திருப்பது நல்லது. கொரியன் புல்லுக்கு விதை வழி என்பது நடைமுறையில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் பெரிது, வெயில் முழுசு, கையில் காசு குறைவு, வீட்டில் தண்ணீர் தெளிக்க ஆள் உண்டு என்கிறவர்களுக்கு மட்டும் விதை சரி. வாங்கியதும் ஐம்பது விதையை எண்ணி ஈரத்துணியில் மடித்து மூன்று வாரம்வரை வைத்துப் பாருங்கள். முப்பது கூட முளைக்கவில்லை என்றால் பழைய சரக்கு.

பத்தை என்பது புல்லை மண்ணோடு பெயர்த்துச் சதுரமாக வெட்டித் தருவது, நர்சரியில் ஷீட் என்பார்கள். அன்றைக்கே பச்சை. சரிவான இடம், மழைக்கு மண் அரிக்கும் இடம், அடுத்த மாதம் வீட்டில் கல்யாணம் என்றால் இதுதான். செலவு அதிகம், அதைவிட ஆபத்து இன்னொரு தோட்டத்தின் மண்ணும் களையும் சேர்ந்து வருவது. வாங்குமுன் நாலு பத்தையைத் திருப்பி அடியில் பாருங்கள்: கோரைக்கிழங்கு தெரிந்தால் அந்த இடத்தில் வாங்கவே வாங்காதீர்கள். டேப் வைத்து அளந்தும் பாருங்கள், ஒரு அடி என்று சொல்லும் பத்தை பத்து அங்குலம் இருப்பது புதுசில்லை. பத்து அங்குலப் பத்தை என்றால் 600 சதுர அடிக்கு 600 இல்லை, 864 வேண்டும்.

சாணிக் குழம்பு முறை பழைய முறை. அருகம்புல்லை இரண்டு மூன்று அங்குலத் துண்டாக நறுக்கி, இரண்டு கூடை புல்லுக்கு ஒரு கூடை மண், ஒரு கூடை பச்சைச் சாணி, ஒரு மண்வெட்டிச் சாம்பல் என்று கலந்து, தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, ஈர நிலத்தின்மேல் ஒரு அங்குல கனத்துக்கு மெழுகிவிடுவது. பண்ணை வீடு, பெரிய காலி மனை என்றால் செய்து பார்க்கலாம். வாசலில் செய்தால் பத்து நாளைக்கு ஈ மொய்க்கும், பக்கத்து வீட்டு அக்கா பேசமாட்டார்.

கொடி ஊன்றுவது. என் ஓட்டு இதற்குத்தான். பத்தையையே வாங்கி, அதைச் சிறு துண்டுகளாகப் பிய்த்து நாற்று மாதிரி நடுவது. ஒரு சதுர அடிப் பத்தையை இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டினால் 36 துண்டு வரும். அரை அடிக்கு ஒன்று என்று நட்டால் ஒரு சதுர அடி நிலத்துக்கு 4 துண்டு. அதாவது ஒரு பத்தை 9 சதுர அடிக்கு ஆகிறது. 600 சதுர அடிக்கு 67 பத்தை, செலவு ஒன்பதில் ஒரு பங்கு. நடவுக் கூலி கூடுதல்தான், இருந்தாலும் கணக்கு இடிக்காது. அதைவிட எனக்குப் பிடித்த விஷயம், துண்டுகளுக்கு நடுவே வெறும் மண் தெரிவதால் தப்பிய கோரை தலைதூக்கினால் உடனே கண்ணில் படும், கொத்தி எடுக்கலாம். முழுப் பத்தைக்கு அடியில் அது ஒளிந்துகொள்ளும். பெர்முடா என்றால் இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும், கொரியன் என்றால் அரை வருடம் பொறுக்க வேண்டும். அந்த அரை வருடமும் வருகிறவர் போகிறவரெல்லாம் "என்ன, வெங்காயம் போட்டிருக்கீங்களா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

இரண்டையும் கலக்கலாம். வாசல் நடைபாதை ஓரம் இரண்டடி அகலத்துக்குப் பத்தை, மிச்சத்துக்குக் கொடி. கண்ணுக்கும் பச்சை, பைக்கும் மிச்சம்.

மண்ணைத் தயார் செய்வது

புது வீட்டு மண் என்பது பாதி மண், பாதி கட்டட மிச்சம். ஜல்லி, உடைந்த டைல்ஸ், கலவை கொட்டிய இடம், பெயின்ட் டப்பா கழுவிய இடம். கலவை கொட்டி இறுகிய இடத்தை அடையாளம் பார்த்து முழுசாகப் பெயர்த்து எடுங்கள், அதன்மேல் எவ்வளவு நல்ல மண் போட்டாலும் அங்கே மட்டும் புல் மஞ்சளாகவே இருக்கும்.

மேலே நாலு அங்குலம் நல்ல மண் வேண்டும் என்று வைத்தால் 600 சதுர அடிக்கு 200 கன அடி, அதாவது 2 யூனிட். செம்மண் கொண்டுவந்து தருகிறவரிடம் எந்த ஊர் மண், வயல் மண்ணா மேட்டு மண்ணா என்று கேட்டு, முதல் நடையில் ஒரு சட்டி அள்ளிக் கிழங்கு இருக்கிறதா என்று பாருங்கள். மண் களியாக இருந்தால் மணல் கலக்க வேண்டியிருக்கும்.

எரு மக்கியதாக இருக்க வேண்டும். 100 சதுர அடிக்கு இரண்டு சாக்கு தொழுஉரம், ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு. கரையானுக்கும் வேர்ப்புழுவுக்கும் அந்தப் புண்ணாக்கு கொஞ்சம் தடை. மக்காத ஆட்டுப் புழுக்கையை மட்டும் தொடாதீர்கள். ஆடு சீமைக்கருவேலங் காயைத் தின்னும், விதை செரிக்காமல் வெளியே வரும், புல்தரையில் முள் முளைக்கும். இது கேலியில்லை, எங்கள் எதிர்வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க முள்செடி பிடுங்கினார்கள்.

அப்புறம் மட்டம். வீட்டுச் சுவரில் இருந்து வெளியே போகப் போக லேசாகச் சரிய வேண்டும், 50 அடிக்கு அரை அடியில் இருந்து ஒரு அடிக்குள். கொத்தனாரிடம் மட்டம் பார்க்கும் டியூப் லெவல் இருந்தால் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். நிரவி முடித்ததும் நிலம் முழுக்க நன்றாகத் தண்ணீர் கட்டி ஒரு வாரம் விட்டுவிடுங்கள். புது மண் அமுங்கும், எங்கே குழி என்று அதுவே காட்டிக்கொடுக்கும். அந்தக் குழிகளை நிரப்பி மறுபடி பலகை போட்டு இழுங்கள். இந்த ஒரு வாரம் பொறுக்காதவர்கள் பின்னால் வருடம் முழுக்கக் குழியில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். பத்தை பதிப்பதென்றால் நடைபாதை மட்டத்தில் இருந்து மண் ஒரு அங்குலம் இறங்கி இருக்கட்டும், பத்தையின் கனம் அதைச் சரிக்கட்டிவிடும்.

நடும் நாள்

காலம்? தென்மேற்குப் பருவக்காற்று எட்டிப் பார்க்கும் மேற்கு மாவட்டங்களில் கொடி, பத்தை இரண்டுக்கும் ஆனியில் இருந்தே சரி. சென்னை, கடலூர் பக்கம் ஆவணி, புரட்டாசிக்குள் நட்டுவிட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நடாதீர்கள், விதை என்றால் கண்டிப்பாகக் கூடாது. அதைத் தவறவிட்டால் தைக்குப் பிறகு, தண்ணீர் வசதி இருந்தால். பங்குனி, சித்திரை வேண்டவே வேண்டாம்.

புல் வரும் நாளன்று ஆட்கள் முதலில் வந்திருக்க வேண்டும், புல் அப்புறம் வர வேண்டும். பெயர்த்த புல்லை 24 மணி நேரத்துக்குள் மண்ணில் சேர்த்துவிடுங்கள். லாரியில் வெளியூரில் இருந்து வருகிறதென்றால் எப்போது பெயர்த்தது என்று கேளுங்கள், இறக்கும்போதே அடுக்கின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். சுட்டால் திருப்பி அனுப்புங்கள். அந்தப் பாடத்துக்கு நான் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டேன்.

கொடி ஊன்றும்போது நிலம் முந்தின நாளே நனைந்து, காலில் ஒட்டாத பதத்தில் இருக்க வேண்டும். கயிறு கட்டிக்கொண்டு, குச்சியால் இரண்டு அங்குலக் குழி போட்டு, துண்டில் இரண்டு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி வைத்து, கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்துங்கள். நட்ட இடத்தை இழுத்துப் பார்த்தால் சுலபமாக வரக் கூடாது. ஒரு வரிசை முடிந்ததும் அதற்குத் தண்ணீர் தெளித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போங்கள், எல்லாம் முடியட்டும் என்று காத்திருந்தால் முதல் வரிசை வாடிப்போயிருக்கும்.

பத்தை என்றால் செங்கல் கட்டுவது மாதிரி, ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் நடுவில் வரும்படி, இடைவெளி இல்லாமல் நெருக்கிப் பதிக்க வேண்டும். சரிவில் குறுக்காகப் போட வேண்டும். பதித்ததும் பலகையை வைத்து மேலே ஏறி நின்று அமுக்குங்கள், அடியில் காற்று இருந்தால் அந்த இடம் காயும். ஓரங்களில் மணல் தூவி அடையுங்கள்.

விதையைப் பத்துப் பங்கு மணலோடு கலந்து, இரண்டாகப் பிரித்து, பாதியைக் கிழக்கு மேற்காகவும் பாதியைத் தெற்கு வடக்காகவும் தூவுங்கள். ரேக்கின் முதுகால் லேசாகக் கீறிவிட்டால் போதும், கால் அங்குலத்துக்கு மேல் புதைந்தால் முளைக்காது. மேலே வைக்கோலை மெல்லியதாகப் பரப்பிவிட்டால் மயிலுக்கும் வெயிலுக்கும் கொஞ்சம் மறைவு.

முதல் இரண்டு மாதம்

முதல் இரண்டு வாரம் காலை, மாலை இரு வேளையும் தண்ணீர். பத்தை போட்டவர்கள் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள், பத்தை நனைந்தால் போதாது, அடிமண் நனைந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் அந்த மூலை தூக்க வராது, வேர் பிடித்துவிட்டது. அதன்பிறகு தண்ணீரின் தடவையைக் குறைத்து, விடும்போது நிறைய விடுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பழக்கினால் வேர் மேலேயே நின்றுவிடும், ஊருக்குப் போய் நாலு நாள் கழித்து வந்தால் எல்லாம் காய்ந்து கிடக்கும்.

ஒரு மாதம் கழித்து யூரியா போடலாம், 1000 சதுர அடிக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம், அதையும் இரண்டு தவணையாக. இலை ஈரமில்லாமல் இருக்கும்போது தூவி, உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். தூவிவிட்டுப் போன் பேசப் போனால் திரும்பி வரும்போது கைவிரல் அளவில் கருகிய வட்டங்கள் இருக்கும்.

முதல் வெட்டு புல் இரண்டரை அங்குலம் வந்ததும். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள், கத்தி கூர்மையாக இருக்கட்டும். மழுங்கிய கத்தி இளம்புல்லை வெட்டாது, வேரோடு பிடுங்கும். சின்ன இடத்துக்குக் கையால் தள்ளும் உருளை மெஷினே போதும். வெட்டும்வரை அதன்மேல் நாற்காலி போடுவது, வண்டி ஏற்றுவது, நாயை விடுவது எதுவும் வேண்டாம்.

இன்னொன்று. வாங்கும்போதே பத்துப் பதினைந்து பத்தை கூடுதலாக வாங்கி, பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்கு அந்தப் பக்கமாக வெயில் படும் ஓரத்தில் பதித்து வையுங்கள். முன்னால் எங்கேயாவது சொட்டை விழுந்தால், மயில் கொத்தினால், பிளம்பர் வந்து குழாய்க்குத் தோண்டினால், அங்கிருந்து ஒரு துண்டு பெயர்த்து இங்கே வைத்துவிடலாம். அதே ரகம், அதே மண், இரண்டு வாரத்தில் ஒட்டுப்போட்டது தெரியாது. எங்கள் வீட்டில் அந்த ஓரத்தில் அம்மா இப்போது இரண்டு வெண்டைச் செடியும் வைத்துவிட்டார், புல்லுக்கு விடும் தண்ணீரில் அதுவும் காய்க்கிறது.